வந்தவர்கள் போகும்வரை திரெக்தோரா

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவள் லைன் சூப்பர்வைசர். முதலாளியின் வசவெல்லாம் அவள் தலையில் இறங்கி அங்கேயே நின்றுவிடும் என்பதால், தையல்காரப் பெண்கள் வைத்த பெயர் இடிதாங்கி.

மேனேஜர் ஓய்வு பெற்றதிலிருந்து அவர் வேலையையும் இவள்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. சட்டை வாங்க ஸ்பானிய மொழி பேசும் வெளிநாட்டு பையர்கள் வரப்போவது தெரிந்ததும் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"பெரிய பொறுப்புல பொம்பளைங்க இருக்காங்களான்னு பார்ப்பாங்களாம். அன்னைக்கு மேனேஜர் ரூம்ல நீ உட்காரு. அவங்க பாஷையில நாலு வார்த்தை கத்துக்கோ."

"அன்னைக்கு மட்டுமா சார்?"

"முதல்ல ஆர்டர் கிடைக்கட்டும்மா. அப்புறம் பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' அவளோடு வீடுவரை வந்தது. மகள் போனில் தேடிச் சொல்லிக்கொடுத்தாள். ஹெஃபா என்றால் வேலையிடத்தில் மேலே இருப்பவள். திரெக்தோரா, இயக்குநர். பிரெசிதென்டா, தலைவி. அல்கால்தேசா, மேயரம்மா. பாத்திரம் தேய்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஹெஃபா, சட்டையில பட்டன் போயிடுச்சு" என்பான் கணவன்.

"அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வாங்க."

பையர்கள் வந்த அன்று, "சோய் லா திரெக்தோரா" என்றாள், நான்தான் இயக்குநர் என்று. குரல் பிசிறவில்லை. வந்தவர்களில் ஒரு அம்மாள் அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள். துணி எவ்வளவு வீணாகிறது, சரக்கு ஏன் தாமதமாகிறது, மொழிபெயர்ப்பாளர் வழியே எதைக் கேட்டாலும் அவளிடம் பதில் இருந்தது. நடிக்க வேண்டியதே வரவில்லை. ஆர்டர் கிடைத்தது.

மறுவாரம் அந்த அறையில் முதலாளியின் மருமகன் உட்கார்ந்திருந்தான். அவளுடைய டிபன் பை கதவுக்கு வெளியே இருந்தது.

"மனசுல வச்சுக்காதம்மா. வீட்டுல நெருக்கடி" என்றார் முதலாளி.

அன்று கணவன் ஹெஃபா என்று கூப்பிடவில்லை. பட்டனைத் தானே கோணலாகத் தைத்துக்கொண்டான்.

அடுத்த ஆர்டருக்கு முன் வீடியோ காலில் அந்த அம்மாள் திரெக்தோராவைக் கேட்டாள். மருமகன் தையல் லைனுக்கு ஓடிவந்தான்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் வந்து உட்காருங்க."

பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். மாட்டேன் என்றால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது கடைசி வரிசைப் பெண்கள். தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு அவன் பின்னால் நடந்தாள்.

நாற்காலியை அவன் தன் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தான். அவளுக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. அப்படியே உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.