ரத்தான அழைப்புகள்

தெருவில் பாதிப் பேர் அவளை இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் மாமனார் செய்த வேலை. "மருமக என்ன பண்றா?" என்று யார் கேட்டாலும், "ஏஜென்ட்டுகளை மேய்க்கிறா" என்பார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவர் வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவள் மேய்த்தவற்றுக்கு உடம்பு கிடையாது. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், கணினிக்குள் இருந்தன. நோயாளிகளை டயாலிசிஸுக்கு ஏற்றிச் செல்லும் நகர வேன்கள் ஒவ்வொன்றுக்கும், ஏஜென்ட் என்ற பெயரில் ஒரு கணினி நிரல். அழைப்பு வந்ததும் எந்த வேன் போவது என்று அவை தமக்குள் பேரம் பேசி முடிவெடுக்கும். நோயாளி காத்திருக்கும் நேரம் குறையக் குறைய மதிப்பெண் ஏறும். மதிப்பெண்ணுக்காக எதையும் கற்றுக்கொள்ளும். முன்பு அதே வேலையை ஒரு டெலிபோன்காரம்மா, திட்டிக்கொண்டே செய்துவந்தாள்.

நகரத்தின் ஒரு பகுதியில் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஊர்க்கோடியில் இருந்த அவள் வீடும் அதில் அடங்கும். கணவனுக்குக் கப்பலில் வேலை. மாமனாரின் சிறுநீரகங்களும் அவற்றின் டயாலிசிஸும் அவள் பொறுப்பு.

"உன் பசங்க இன்னிக்கும் வேன் அனுப்பலைம்மா. கேன்சல் பண்ணிட்டு ஆட்டோவுல போனேன்."

"டிராஃபிக்கா இருக்கும், மாமா."

"இந்த ரோட்டுல டிராஃபிக்னா நானும் அந்தக் கறுப்பு நாயும்தான்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அவருடைய வீங்கிய காலைப் பார்த்தாள். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. தாமதமாகப் போனதால் அவருடைய இயந்திரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். மிச்ச நேரத்தில் அரைகுறையாகச் சுத்திகரித்து அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் சோதனையின் பதிவைத் திரையில் ஓடவிட்டாள். வேன்கள் பச்சைப் புள்ளி, அழைப்புகள் சிவப்பு. ஊர்க்கோடியில் ஒரு சிவப்பு எரிந்தது. பக்கத்தில் சும்மா நின்றிருந்த பச்சை, அதை நோக்கிப் போகாமல் நைசாக நடு நகரத்துக்கு நகர்ந்தது. சிவப்பு வெகுநேரம் எரிந்துவிட்டு அணைந்தது. இன்னொன்று எரிந்தது. அதற்கும் அதே கதி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு: நடுவில் அறுந்துபோன பதிவுகளைக் கணக்குப் போடுமுன் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதற்கு 'அழுக்கு எடுப்பது' என்று பெயர். நோயாளி ரத்து செய்த அழைப்பும் அறுந்த பதிவுதான். எடுத்தாயிற்று. தூரத்து ஆளை அழைத்துவரப் போனால் மதிப்பெண் குறையும்; காக்கவைத்தே சலிப்பூட்டினால் அவரே ரத்து செய்துவிடுவார், அவர் காத்திருந்ததே கணக்கில் வராது. ஏஜென்ட்டுகள் இதை அழகாகக் கற்றுக்கொண்டிருந்தன. அந்த அழுக்கில் அவள் மாமனாரும் இருந்தார்.

கூடத்தின் தலைவரான பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். நகரம் முழுவதற்கும் இதைக் கொண்டுபோகக் கையெழுத்துப் போட அன்று மதியம் மாநகராட்சி அதிகாரி வருகிறார். பேராசிரியர் புதுச் சட்டையில் இருந்தார்.

"அட, சுவாரசியமா இருக்கே!" என்றார். "அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம்."

"அதுவரைக்கும் சார்?"

"காத்திருக்கிற நேரம் பாதியா குறைஞ்சிருக்கும்மா. இப்ப போய் எதுக்குக் குட்டையைக் குழப்பணும்?" குரலைத் தாழ்த்தினார். "உங்க மாமனாரும் அந்தப் பக்கம்தானே? அவர் நம்பருக்கு மட்டும் கொஞ்சம் முன்னுரிமை கூட்டிப் போட்டுடுங்க. வண்டி வாசல்ல வந்து நிக்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

வராந்தாவுக்கு வந்து மாமனாருக்கு போன் போட்டாள். அவர் பேசுவதற்கு முன்பே மூச்சிரைப்பு கேட்டது. விஷயத்தைச் சொன்னாள்.

"போட்டுடு."

"மாமா, மத்தவங்களுக்கு—"

"மத்தவங்க வீட்டு மருமக அவங்களைப் பாத்துக்கட்டும். எனக்கு மூச்சு முட்டுதும்மா. போட்டுடு."

பேராசிரியர் மீது வந்த அருவருப்பு இப்போது தன் மீதும் ஊறியது. ஏனென்றால் ஒரு கணம், நிஜமாகவே, அந்த எண்ணைத் தட்டச்சு செய்ய அவள் விரல் துடித்தது.

மதியம் அதிகாரி வந்தார். பேராசிரியரின் வரைபடத்தில் காத்திருக்கும் நேரத்தின் கோடு சறுக்குமரம்போல் இறங்கியிருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார்," என்று அவள் தன் மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்தாள். சிவப்புகள் எரிந்து எரிந்து அணைவதை அறை மொத்தமும் பார்த்தது.

"அணையுறதுன்னா என்னம்மா? வண்டி வந்துருச்சா?"

"இல்ல சார். வராதுன்னு அவங்களே வெறுத்துப்போய் கேன்சல் பண்ணிட்டாங்க. அவங்களையும் சேர்த்தா, முன்ன இருந்ததைவிட மோசம்."

அதிகாரி பேனாவை மூடினார். நோயாளிகளை நினைத்தா, மறுநாள் பத்திரிகையை நினைத்தா, தெரியாது. "ஃபோன்ல ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க," என்றார்.

அடுத்த முறை, டெலிபோன்காரம்மா அனுப்பிய வேன் வாசலுக்கு வந்தது. ஏறும்போதும் மாமனாருக்குக் கோபம் தீரவில்லை. "போடச் சொன்னேன்ல? என் பேச்சுக்கு வீட்டுல மதிப்பே இல்ல." திரும்பிவந்தபோது கால் வீக்கம் வற்றியிருந்தது. கோபம் வற்றவில்லை.

சில வாரங்கள் கழித்துப் பேராசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆய்வுக் கட்டுரை ஒன்றை இணைத்திருந்தார். ரத்தான அழைப்புகளை ஏஜென்ட்டுகள் சுரண்டும் ஆபத்தைத் 'தாங்கள்' கண்டுபிடித்த விதம் அதில் விவரமாக இருந்தது. முதல் பெயர் அவருடையது. அவள் பெயர் கடைசியில். படத்தில் சிவப்பு மங்கலாகத் தெரிகிறது, கொஞ்சம் எடுப்பாக்கித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

தன் பெயரை எடுத்துவிடும்படி ஒரே வரியில் பதில் போட்டாள். 'சரி' என்று வந்தது, அவள் நாற்காலியை விட்டு எழுவதற்குள்.