போகிக்கு மெழுகிய தரை

ராணியம்மாள் 1926இல் திருமுக்கூடலில் பிறந்தார். பிறந்த தேதி தெரியவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஆறு நாள் முன்பு என்று அவருடைய தாயார் சொன்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது. 1942 வைகாசியில், சாலவாக்கத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் பச்சமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டார். பச்சமுத்து என் தந்தைக்கு மூத்தவர். ஆகவே ராணியம்மாள் எனக்குப் பெரியம்மா. பிள்ளைகள் மூவர். மூத்த பெண் பவளம் மூன்று வயதில் காய்ச்சலில் இறந்தாள். அடுத்தது ஆண்; பதினோரு நாள் இருந்தது. மூன்றாமவர் வரதன், 1951. கணவர் 1969இல் இறந்தார். சொத்து: ஏரிப் பாசனத்தில் ஒன்றே முக்கால் ஏக்கர் நஞ்சை, மண்சுவரும் மண்தரையும் கொண்ட கூரை வீடு, இரண்டு வெள்ளாடுகள், ஒரு செவலை நாய்.

1977இல் வரதன் அண்ணனுக்கு மாகறல் வேதாசலத்தின் மகள் கனகாவை மணமுடித்தார்கள். 1978 ஆவணியில் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. பெரியம்மா கேட்டுக்கொண்டபடி அதற்குப் பவளம் என்று பெயர் வைத்தார்கள். ஐந்து மாதம் முடிந்து, தை பிறந்ததும் தாயையும் பிள்ளையையும் இங்கே அழைத்துவருவதாகப் பேச்சு.

அந்த ஆண்டு ஐப்பசி மழை பலமாக இருந்தது. கொட்டகை ஒழுகியதால் ஆடுகளை வீட்டுக்குள் கட்டினார்கள். நாயும் உள்ளேயே படுத்தது. கார்த்திகைக்குள் வீடு முழுவதும் தெள்ளுப்பூச்சி. எள்ளளவு உடம்பு, தவிட்டு நிறம், பிடிக்கப் போனால் துள்ளி மறையும். கணுக்காலில் கடித்தால் மூன்று நாள் தடிப்பு இருக்கும். பெரியம்மாவுக்குத் தோல் பழகிப்போயிருந்தது. வந்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது.

கார்த்திகைக் கடைசியில் வேதாசலம் நாள் குறித்துப்போக வந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வேட்டியில் சுருக்கம் விழ விடாதவர். நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தவர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, எள்ளு கொட்னாப்ல கீது?"

"மய காலம் இல்ல, அண்ணே. ஆட்ட உள்ள கட்டிக்கினு கீறோம். வெயில் வந்தா பூடும்."

அடுத்த வாரம் வரதன் குழந்தையைப் பார்க்க மாகறல் போனபோது வேதாசலம் சொன்னார்.

"ஒங்க வூட்டுப் பூச்சி மூணு என் வேட்டியிலயே பஸ் ஏறி மாகறல் வந்துச்சி மாப்ள. டிக்கெட்டும் எடுக்கல." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "கொயந்தைக்குச் சொறியக்கூடத் தெரியாது. தை மூணாந் தேதி நானே வரேன். இதே மாதிரி வெள்ளை வேட்டி கட்டிகினு ஒங்க நடுவூட்ல நூறு எண்ற வரைக்கும் நிப்பேன். ஒண்ணு ஏறினாலும் கொயந்தை வராது. சித்திர போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணன் வந்து இதை ஒரு சொல் மாறாமல் தாயாரிடம் ஒப்பித்தார். பெரியம்மா பெட்டியைத் திறந்து, ஒன்பது ஆண்டுகளாக மடித்து வைத்திருந்த பச்சமுத்து பெரியப்பாவின் வேட்டியை எடுத்தார். அதைப் புடவைக்கு மேல் சுற்றிக்கொண்டு நடுவீட்டில் நின்று நூறு எண்ணினார். ஏறிய பூச்சிகளுக்குச் சுவரில் கரியால் கோடு போட்டார். மார்கழி முதல் நாள் இருபத்திரண்டு கோடுகள். அந்தச் சுவர் இடிக்கப்படுமுன் நான் கோடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஆகவே இந்த எண்களில் பிழையில்லை.

பாய்களைத் தினமும் வெயிலில் போட்டார். ஆடு படுத்த வைக்கோலைக் கொளுத்தினார். வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை மூட்டினார். தரை வெடிப்புகளில் சாம்பல் திணித்தார். புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் நாயைக் குளிப்பாட்டினார். அடுத்த வீட்டுச் சொக்கம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, செவலைக்கு எண்ண தேச்சிக் குளிப்பாட்டிகினு கீற? பொண்ணு பாக்க வராங்களா?"

"நீ வந்து முதுவு தேயேன்டி. பேசிகினே நிக்கிற."

"ஐயே, ஒன் சம்பந்தி வேட்டியப் புடிச்ச பூச்சி என் பொடவையப் புடிக்கறதுக்கா?"

மார்கழி ஒன்பதாம் நாள் பதினான்கு கோடுகள். பதினைந்தாம் நாள் பத்தொன்பது.

நாய் இருக்கும்வரை பூச்சி போகாது என்று அவருக்குத் தோன்றியது. பெரியப்பா கடைசியாக வளர்த்த நாய் ஈன்ற குட்டி அது. ஏரிக்கரைக் குடிசைகளில் இருந்த சுப்பனை அழைத்தார். சுப்பன் வயல் எலி பிடிப்பவர். அவரிடம் ஏற்கெனவே இரண்டு நாய்கள் இருந்தன. கயிறு கட்டி ஒப்படைத்தார்கள். மூன்றாம் நாள் செவலை அறுந்த கயிற்றுடன் வாசலில் வந்து படுத்திருந்தது. பின்னாலேயே சுப்பனும் வந்தார்.

"கடிச்சிக்கினு ஓடியாந்துடுச்சிம்மா. அத்த வுடு. பூச்சி நாயி மேல இல்ல, முட்ட பூரா மண்ணுக்குள்ள கீது. ஒரு சாண் ஆயத்துக்குக் கொத்தி எடுத்துட்டு ஏரி மண்ணு போடலாம். நானும் எம் பொஞ்சாதி காளியம்மாளும் ரெண்டே நாள்ல முடிச்சிர்றோம்."

"மார்கயில வூட்டு மண்ணக் கொத்துவாங்களா சுப்பா?"

"தை பொறந்ததும் கொத்தலாம்."

"தை மூணுல அவரு வந்து நிக்கறாரே. ஈர மண்ணு காய்ஞ்சி கெட்டிப்பட வாணாமா? ரெண்டு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ நானு. மார்கயில நான் கொத்த மாட்டேன்."

சுப்பன் சொன்னது சரி என்பது பின்னால் தெரிந்தது. மார்கழியில் வீட்டுக்குள் மண்வெட்டி போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பதை எங்கள் ஊரில் அப்போது மீறியவர் எவரும் இல்லை. பெரியம்மாவுக்கு அது நம்பிக்கை மட்டுமன்று. மூத்த மகள் இறந்தது தொழுவத்துக்கு மார்கழியில் கால் நட்ட வருடம்.

மார்கழி இருபத்தேழாம் நாள் முப்பத்தொரு கோடுகள். அதற்குப் பிறகு சுவரில் கோடு இல்லை.

முந்தைய சம்பாவில் புகையான் பூச்சி விழுந்தபோது வாங்கிய பயிர் மருந்தில் கால் புட்டி மீந்திருந்தது. கொட்டகைக் கூரையின் இறவாணத்தில் துணி சுற்றிச் செருகி வைத்திருந்தார்கள். அதைத் தொடக்கூடாது என்று தாம் எச்சரித்திருந்ததாக வரதன் அண்ணன் சொல்கிறார். "அதுல ரெண்டு சொட்டு வுட்டா வூட்ல ஈ எறும்பு தங்காது" என்று அவரே ஒருநாள் விளையாட்டாகச் சொன்னதைத் தம் காதால் கேட்டதாகச் சொக்கம்மாள் சொல்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

போகியன்று எல்லா வீடுகளிலும் போலவே தரை மெழுக வேண்டும். அண்ணன் பொங்கல் சாமான் வாங்க உத்திரமேரூர் போயிருந்தார். பெரியம்மா அன்னக்கூடையில் சாணியைக் கரைத்து, புட்டியில் இருந்ததை முழுவதும் அதில் ஊற்றினார். முழங்கை வரை கையை விட்டுக் கலந்தார். நடுவீடு, ஆடு கட்டும் மூலை, அடுப்படி, வாசல்நடை என்று மூன்று முறை மெழுகினார். வெறுங்கை, வெறுங்கால், மண்டியிட்டபடி. விடிந்ததிலிருந்து உச்சிவரை அந்த ஈரத்தில்தான் இருந்தார். சாணி வாசனைக்கு மேல் பூண்டு போல ஒரு நாற்றம் வந்ததாகச் சொக்கம்மாள் சொன்னார். வெடிப்புகளில் விரல்விட்டு அழுத்தி அழுத்தி மெழுகிக்கொண்டிருந்ததை வேலிவழியே பார்த்தவரும் அவர்தான்.

"யாருக்கா இன்னிக்கி வராங்க, கவர்னரா? மூணு வாட்டி மெழுவுற?"

"எம் பேத்திடி."

வெயில் ஏறியதும் வியர்வை ஆறாகக் கொட்டியது. வாயில் நீர் ஊறி வழிந்தது. கண் மங்கியது. பட்டினியில் வந்த மயக்கம் என்று எண்ணிச் சுவரில் சாய்ந்திருக்கிறார். வேலி தாண்டி வந்த சொக்கம்மாள் கண்டது, தொடையின் தசை தனியாகத் துடித்துக்கொண்டிருந்ததைத்தான். குளிர்ச்சிக்காக ஈரத்தரையில் படுத்து, பாதங்களை நக்கியிருந்த செவலை அடுப்படியில் விறைத்துக் கிடந்தது.

பக்கத்து வயல்காரரின் டிராக்டரில் சாலைக்கும், அங்கிருந்து பஸ்ஸில் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். மருத்துவர் கண்ணைப் பிரித்துப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடிச்சாங்க?" என்பது. அண்ணன் வந்து சேர்ந்திருக்கவில்லை. உடன் போன சொக்கம்மாளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஊசிமேல் ஊசியாகப் போட்டு உயிரைத் திருப்பினார்கள். மாலையில் ஒரு காவலர் நோட்டுடன் வந்து, மருமகளோடு சண்டையா, சம்பந்தியோடு தகராறா என்று விசாரித்தார். முழங்கை வரை காய்ந்திருந்த சாணியைக் கழுவிவிட்ட நர்சம்மாதான், இவர் குடித்தவரல்லர் என்று முதலில் சொன்னவர். ஆனால் பஸ்ஸில் உடன் வந்தவர்கள் அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். பேத்தியை அனுப்ப மறுத்ததால் கிழவி மருந்து குடித்துவிட்டாள் என்ற பேச்சு பொங்கலன்றே மாகறல் போய்ச் சேர்ந்தது.

ராணியம்மாள் மருந்து குடிக்கவில்லை. இந்தக் குறிப்பை எழுத வேண்டியிருப்பதற்கு அதுவே முதற்காரணம். இன்றும் கல்யாண வீடுகளில் அதை வேறுவிதமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

தை மூன்றாம் தேதி வேதாசலம் சொன்னபடி வந்தார். வீட்டில் யாரும் இல்லை. சொக்கம்மாள்தான் கதவைத் திறந்துவிட்டார். நடுவீட்டில் வெள்ளை வேட்டியுடன் நின்று நூறு எண்ணினார். பிறகு மருத்துவமனைக்குப் போனார். பெரியம்மாவுக்கு அன்றுதான் பேச்சு தெளிந்திருந்தது.

"எத்தினி ஏறிச்சி அண்ணே?"

"ஒண்ணும் ஏறல."

"ஒயுங்கா எண்ணீங்களா?"

"நூறு எண்ணேன்மா."

"அப்ப அஞ்சாந் தேதி கூட்டியாரலாம் இல்ல?"

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தரையில் பெரியவர்களே கால் வைக்கக் கூடாது, தவழப்போகிற பிள்ளையை நினைத்தும் பார்க்காதீர்கள் என்று மருத்துவர் அவரிடம் சற்றுமுன் சொல்லியிருந்தார். அதை அவர் பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "ஒரு பூச்சிக்குப் பயந்து சொன்ன பேச்சும்மா அது, இப்பிடி ஆவும்னு யாரு கண்டா" என்று அவர் அந்த முதுகைப் பார்த்துச் சொன்னார்.

தை ஒன்பதில் சுப்பனும் காளியம்மாளும் வந்து தரையை ஒரு முழம் கொத்தி எடுத்தார்கள். எடுத்த மண்ணை ஊருக்கு வெளியே குழிதோண்டிப் புதைத்தார்கள். செவலையையும் அங்கேதான் புதைத்தார்கள். ஏரி மண் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். சுப்பன் முதலில் கேட்டது இரண்டு நாள். ஆனது இரண்டரை நாள்.

பெரியம்மா வீடு திரும்பிச் சோறு சாப்பிட்டார், நடந்தார், ஆடு மேய்த்தார். தை முடியும் தறுவாயில் ஒருநாள் கையிலிருந்த தம்ளர் நழுவியது. மறுநாள் புடவைக் கொசுவத்தைச் செருக முடியவில்லை. ஒரு வாரத்தில் விரல்கள் மடங்காமல் தொங்கின; பாதங்களும் தளர்ந்து தரையில் இழுபட்டன. மறுபடியும் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த நஞ்சு சிலருக்கு இப்படிப் பின்னால் வந்து நரம்பைப் பிடிக்கும், பாதம் ஓரளவு தேறும், கையைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

மாசி பதினொன்றாம் தேதி கனகா அண்ணி குழந்தையுடன் வந்தார். ஆரத்தி எடுத்தது சொக்கம்மாள். பெரியம்மா குளித்து, நெற்றிக்கு இட்டு, புதுத்தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணி குழந்தையை அவர் மடியில் வைத்தார். ஆறு மாதக் குழந்தை, துள்ளக்கூடியது. பெரியம்மா இரண்டு கைகளையும் சேர்த்து அணைக்கப் பார்த்தார். விரல்கள் பிடிக்கவில்லை. குழந்தை பக்கவாட்டில் சரிந்தது. தலை தரையில் படுமுன் அண்ணி தாங்கிக்கொண்டார்.

"வாணாம் அத்த. அப்புறம் தூக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை என்கிறார் அண்ணி. சொக்கம்மாளும் அப்படியே சொல்கிறார். பெரியம்மா கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அதன்பின் குழந்தையை அவர் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. பாதம் ஓராண்டில் தேறியது. விரல்கள் தேறவில்லை. தலை வாரவும், சோறு ஊட்டவும் பிறர் வேண்டியிருந்தது. பவளம் ஏழு வயதிலிருந்து அந்த வேலையைச் செய்தாள். வீட்டில் நாய் வளர்க்கவில்லை. 1984இல் தரைக்குச் சிமெண்டு போட்டார்கள்.

ராணியம்மாள் 1988 ஆனியில் இறந்தார். வயது அறுபத்திரண்டுக்குச் சில நாட்கள் குறைவு. பேத்தியோடு ஒரே வீட்டில் இருந்த காலம் ஒன்பது ஆண்டுகள், நான்கு மாதங்கள்.