முகூர்த்தப் பிரிவும் என் கல்லீரலும்

பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்ப்பவனுக்குப் புடவையைப் பற்றித் தெரியாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். சிரிக்கத் தெரியாவிட்டால் கஷ்டம். காஞ்சிபுரத்தில் மெத்தைமேல் உட்கார்ந்து நாள் முழுக்கப் புடவை விரித்து மடிக்கும் சகபாவிகளே, உங்களுக்கு இது புரியும். எனக்குக் கூடுதலாக ஒரு சொத்து உண்டு. சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை நோய். டைப் ஒன் என்பார்கள். உடம்பில் இன்சுலின் சுரக்காது. ஊசி போட்டால்தான் உயிர்.

இலவச வைத்தியம்

மதியச் சாப்பாட்டுக்கு முன் திரும்பி உட்கார்ந்து வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வேன். ஒருநாள் செவிலிமேட்டிலிருந்து புடவை எடுக்க வந்த அம்மா ஒருவர் பார்த்துவிட்டார். ஊசியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் சுடுகாடு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு புடவையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் பயப்படாதபா. ஊசிய வுட்டுட்டு பாவக்கா ஜூஸ் குடி. எங்க வூட்டுக்காரரு அதத்தான் குடிக்குறாரு, நல்லாதான் இருக்குறாரு."

தொன்னை

முகூர்த்தப் புடவைப் பிரிவில் உட்கார வருஷக்கணக்கில் காத்திருந்து இடம் பிடித்தேன். கல்யாண வீட்டார் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே அங்கேதான் வருவார்கள், கையில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு. முதல் வாய் புடவை எடுத்துக் கொடுப்பவனுக்கு. முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு எத்தனை கல்யாண வீடு! பொங்கலுக்கு ஈடாக இன்சுலினைக் கூட்டினேன். எடையும் கூடவே ஏறியது. ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மணப்பெண்ணின் அத்தை புடவையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்: "பிரசாதத்தையே வாணான்றான். இவன் கையால முகூர்த்தப் பொடவ எடுக்கணுமா?"

ரிப்போர்ட்

ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. டைப் ஒன்காரர்களுக்கும் எடை ஏறினால் இது வரலாம், இப்படியே விட்டால் ஈரல் தழும்பேறி இறுகிவிடும் என்றார் டாக்டர். இனிப்பைக் குறை, நட, ஊசியை மட்டும் விட்டுவிடாதே என்றார்.

லீவு கேட்கும்போது முதலாளியிடம் எல்லாம் சொன்னேன். கல்லீரல் என்ற சொல்லுக்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. ஈரல் கெட்டால் குடி. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். குடிகாரன் கை முகூர்த்தப் புடவையைத் தொடக் கூடாது என்று மூன்றாம் மாடி குடோனுக்கு அனுப்பிவிட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை நான். படியேறும்போது அழுகையே வந்துவிட்டது. மெத்தையில் என் பக்கத்தில் உட்காரும் ஏகாம்பரம், பொழுது சாய்ந்தால் கால் தரையில் நிற்காத ஆள், பின்னாலேயே வந்தார். அவருக்கு என்னைவிட வருத்தம்: "இத்தினி வருசமா பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்குறேன். ஒரு தபா கூட என்னக் கூப்புடலியேப்பா."

திருந்தியவன்

குடோனில் பொங்கல் கிடையாது. லிஃப்டும் கிடையாது. புடவைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க ஏறி இறங்கினேன். சில மாதத்தில் எடை குறைந்தது, இன்சுலின் அளவும் குறைந்தது. மறு ஸ்கேனில் கொழுப்பு நன்றாகக் கரைந்திருந்தது. முதலாளியிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, குடிக்காதவனுக்கும் இது வரும் என்று மறுபடி விளக்கினேன். அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். முகூர்த்தப் பிரிவுக்கே திரும்பச் சொன்னார். கடை ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு, என் வாயில் ஒரு லட்டைத் திணித்துவிட்டு அறிவித்தார்: "பாத்துக்குங்கப்பா. மனசு வச்சா எவனும் குடிய வுட்டுடலாம்."

ஆக, குடிக்காமலே குடிகாரனாகி, எதையும் விடாமலே திருந்தியும்விட்டேன். இனி நான் உண்மையைச் சொன்னால், மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்பார்கள்.