சோதிலிங்கம் மறுபடி தேர்தலில் நின்றது

இனி எந்தத் தேர்தலும் வேண்டாம் என்ற முடிவோடுதான் ரதிதேவி கணவனையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஆக்லாந்துக்கு வந்தாள். தாதி என்பதால் விசா அவளுக்குத்தான் கிடைத்தது. சோதிலிங்கம் அவளோடு வந்தவர். மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு எடுத்தார்கள். கதவு, ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் ஸ்டோர்கீப்பரானார்.

அதற்கு முன் லண்டனில் அவர் நகரசபை உறுப்பினர். மழையென்றும் பனியென்றும் பாராமல் வீடுவீடாகக் கதவு தட்டி, தமிழர் விரல்விட்டு எண்ணக்கூடிய வட்டாரத்தில் வெள்ளைக்காரரின் வாக்கில் மூன்று முறை வென்றவர். பிறகு வீடமைப்புக் குழுவின் தலைவர். நாடாளுமன்றத்துக்கு அவரை நிறுத்தலாமென்று கட்சிக்குள் பேச்சு அடிபட்டபோது, ரதிதேவி அவருக்கு நல்ல கோட் ஒன்று வாங்கிக் கொடுத்தாள்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து உயிர் தப்பி லண்டனுக்கு வந்த ஏரம்பமூர்த்தி என்பவர், மனைவி பிள்ளைகளோடு யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில் கிடந்தார். சோதிலிங்கம் அதைப் போய்ப் பார்த்தார். அடுத்த மாதம் நகரசபை வீடொன்று, வரிசையில் முன்னால் நின்றவர்களைத் தாண்டி, ஏரம்பமூர்த்திக்குப் போனது. விசாரணை வந்தது. என்ன சொல்லட்டும் என்று ஏரம்பமூர்த்தி வந்து கேட்டார். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லி அனுப்பினார் சோதிலிங்கம். பதவியும் போனது, கட்சியும் கைகழுவியது. 'தன் ஆட்களுக்கு வீடு கொடுத்தவர்' என்று உள்ளூர்ப் பத்திரிகை படத்தோடு போட்டது. கடைக்குப் போனால் ரதிதேவியை அக்கம்பக்கத்தார் பார்த்த பார்வைதான் அவளை உலகத்தின் இந்த மூலைக்குக் கொண்டு வந்தது.

எண்பத்தொன்பதில் நியூசிலாந்துப் பள்ளிகளின் நிர்வாகத்தைப் பெற்றோர் சபைகளிடம் கொடுத்தார்கள். மகள் படித்த பள்ளியிலும் தேர்தல் வந்தது. சோதிலிங்கம் நிற்கப் போவதாகச் சொன்னார்.

"இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. ஏனப்பா திருப்பியும்?" என்றாள் ரதிதேவி.

"தெரியாமல் வாக்குப் போட வேண்டாம் ரதி. நானே சொல்லப் போறன்."

வேட்பாளர்கள் தங்களைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். லண்டனில் பதவி விலகிய காரணத்தையும் அதில் எழுதினார். தலைமையாசிரியர் கூப்பிட்டு, இது அவசியமா என்று தயவாகவே கேட்டார். சோதிலிங்கம் அந்த வரியை நீக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ரதிதேவி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சமோவாக்காரத் தகப்பன் ஒருவர் எழுந்து, அந்தக் குடும்பம் இன்று வந்தாலும் அப்படித்தான் செய்வீர்களா என்று கேட்டார். வீடு கேட்டுக் குழுவில் எல்லோர் முன்னாலும் சண்டை பிடிப்பேன், ஒளித்துச் செய்ய மாட்டேன் என்றார் சோதிலிங்கம். பிறகு, அந்த வீடு உரியபடி ஒரு பெண்ணுக்கும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் போயிருக்க வேண்டியது, அவர்களைத் தான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை என்றார். அந்தப் பெண்ணைப் பற்றி ரதிதேவி கேள்விப்பட்டது அன்றுதான்.

காரில் அவள் கேட்டாள்: "அந்த மனுசியப் பற்றி எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர் எனக்காக எல்லாரோடயும் சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டனீர். அப்ப சொல்ல வாய் வரேல்லை."

அவளுக்குக் கோபம் சில நாள் இருந்தது. ஆனாலும் வாக்குச்சீட்டில் அவர் பெயருக்கு நேரே புள்ளடி போட்டுத்தான் அனுப்பினாள்.

ஐந்து பேர் தெரிவானார்கள். அவர் ஆறாவதாக வந்தார். தேர்தலே வேண்டாமென்றிருந்த ரதிதேவிதான், எப்சம் ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை செய்த யோகராணியிடம், வென்றவர்களில் இரண்டு பேர் கூட்டத்துக்கே வரவில்லை என்று பொருமித் தீர்த்தாள். சோதிலிங்கம் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

மழைக்காலத்தில் வகுப்பறைக் கூரை ஒழுகியது. கட்டட விஷயம் தெரிந்தவர் ஒருவர் சபைக்குத் தேவைப்பட்டார். அந்தச் சமோவாக்காரர், தெரிவானவர்களில் ஒருவர், தொலைபேசியில் அழைத்தார். நியமன உறுப்பினராக வர முடியுமா என்றார். சோதிலிங்கம் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு ரதிதேவியைப் பார்த்தார்.

"ஓமெண்டு சொல்லுங்கோ," என்றாள் அவள். "மனுசனைக் காக்க வைக்காதேங்கோ."