ஒரு பாகம் கயிறு

ஜாசிரா எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் இருப்பாள். காயல் கரையில் அவளுக்கு ஒரு மரவள்ளி அடைக் கடை. அடை ஒரு பக்கம் வேகும் முன்னே திருப்பிப் போட்டுவிடுவாள். தின்பவர்கள் முணுமுணுத்தபடியே தின்பார்கள். மதியம் காற்று எழுந்தால் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு காயலுக்கு ஓடுவாள். காலில் பலகை, கையில் கம்பு, கம்பிலிருந்து நான்கு கயிறு, மேலே பட்டம். பட்டம் இழுக்க, அவள் தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போவாள். கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே இதுதான் பிழைப்பு.

மற்றவர்கள் கம்புக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒட்டுக்கயிறு கட்டி நீளமாக விடுவார்கள். ஜாசிரா அதைக் கழற்றி எறிந்துவிட்டாள். கயிறு குட்டையானால் பட்டம் சொன்ன நொடியில் திரும்பும். நீளமானால் யோசித்துத்தான் திரும்பும், ஆனால் லேசான காற்றிலும் நின்று இழுக்கும். யோசிக்கிற எதையும் அவளுக்குப் பிடிக்காது.

அதனாலேயே போட்டியில் தோற்றாள். தண்ணீரிலிருந்து எம்பி, கம்பை மாட்டியிருக்கும் இடுப்புக் கொக்கியை விட்டு, அந்தரத்தில் கம்பை முதுகுக்குப் பின்னால் கை மாற்ற வேண்டும்; ஒரு சங்குக்கும் மறு சங்குக்கும் நடுவே அதிக முறை மாற்றியவருக்கு வெற்றி. அந்த நேரம் கயிறு தொய்ந்திருக்க வேண்டும். குட்டைக் கயிற்றிலோ, கை மாறுவதற்குள் பட்டம் அடுத்த இழுப்பை இழுத்துவிடும். வருஷா வருஷம் உள்ளூர்ப் போட்டியின் முதல் சுற்றிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரையேறினாள்.

இந்த வருஷம் ஆத்திரத்தில் எல்லோர் முன்னாலும் வாயை விட்டாள். “இந்த வாட்டியும் முதல் சுத்துல போனேன்னா, பட்டத்தை மடிச்சு வெச்சுட்டு ஃபோர்டலேசா பட்டணத்துல அக்கா கடைக்கே போயிடுறேன்!”

சேதி கேட்ட அக்கா அன்றைக்கே தங்கைக்கென்று கட்டிலைத் தட்டிப் போட்டுவிட்டாள். கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகும் கணவன் வால்டெமீர் “சரி” என்றான். அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. போகாதே என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லையே!

போட்டியன்று காற்று படுத்துவிட்டது. குட்டைக் கயிற்றில் பட்டம் பாதி எழும்பித் தண்ணீரில் விழுந்தது.

“ஒட்டுக்கயிறு எங்கய்யா?”

“நீதானே தூக்கி எறிஞ்ச. கட்டுமரத்துப் பாய் கட்ட எடுத்துக்கிட்டேன். கிழிஞ்சும் போச்சு” என்றான் வால்டெமீர். பிறகு மெல்லிய, உறுதியான தூண்டில் கயிற்றுக் கண்டு ஒன்றை எடுத்துவந்தான். “ஒவ்வொண்ணும் ஒரு பாகம் போதும். இரு, நாலையும் அளந்து தரேன்.”

இரு கைகளையும் விரித்து நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தால் ஒரு பாகம். அந்தக் கரையில் வலைக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் அந்த அளவுதான்.

“நீ அளந்து முடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். வலப்பக்கம் ரெண்டு நீ வெட்டு, இடப்பக்கம் ரெண்டு நான்” என்று கத்தியைப் பிடுங்கினாள்.

சங்கு ஊதியது. எதிராளி கெய்லா முதல் வீச்சிலேயே கம்பைக் கை மாற்றி இறங்கிவிட்டாள். ஜாசிராவின் பட்டமோ முரட்டு மாடு மாதிரி இடப்பக்கமே போய்க் குப்புற விழுந்தது.

“அடியே, பட்டத்துக்கும் ஃபோர்டலேசா போற அவசரமா?” என்று கெய்லா கூவினாள்.

இடுப்பளவு தண்ணீரில் வால்டெமீர் ஓடிவந்தான். கயிறுகளைப் பட்டத்திலிருந்து அவிழ்த்து, நான்கு நுனிகளையும் கரையோரம் நின்ற தன் கட்டுமர முளையில் மாட்டினான். அவள் கம்பைப் பிடித்துப் பின்னால் போய் இழுத்தாள். வலப்பக்கம் இரண்டும் தொய்ந்து தொங்கின. அவன் விரித்த கை அவள் விரித்த கையைவிட ஒரு சாண் நீளம். அவசரத்தில் இருவருக்குமே அது தோன்றவில்லை.

“முடிச்சுப் போட்டுச் சரி பண்ணிடலாம். ஆடாம நில்லு.”

“சீக்கிரம்யா!”

“நீ ஆடினா அளவும் ஆடுது, ஜாசிரா. நில்லு.”

கெய்லா இன்னொரு முறை எம்பினாள். கரையில் கைதட்டல். ஜாசிராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகை வந்தது. கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, நின்றாள். ஈர முடிச்சை அவன் ஒவ்வொன்றாக இறுக்கி, கயிறுகளைப் பட்டத்தில் திரும்பக் கட்டினான்.

திரும்பக் காயலில் இறங்கியபோது ஒரே ஒரு எம்பலுக்குத்தான் நேரம் இருந்தது. எம்பினாள். கொக்கியை விட்டாள். பட்டம் மேலே அசையாமல் நின்றது, கயிறு தொய்ந்தது. இழுப்பு வரும் என்று பழக்கத்தில் கண்ணை மூடினாள். வரவில்லை. முதுகுக்குப் பின்னால் கம்பு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போனது. பயமும் இல்லை, அவசரமும் இல்லை. அதற்கப்புறம்தான் பட்டம் நிதானமாக அவளை இழுத்துக்கொண்டது. நின்றபடியே இறங்கினாள்.

சங்கு ஊதியது. ஒன்றை வைத்துக்கொண்டு கெய்லாவின் நான்கை வெல்ல முடியுமா? முதல் சுற்றிலேயே வெளியே.

வால்டெமீர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். “அக்காவுக்குப் போன் போடலையா?”

“அன்னிக்கு ஏன்யா சரின்னு சொன்ன?”

“போகாதேன்னா அன்னிக்கே வண்டி ஏறியிருப்ப” என்றான், தலையை நிமிர்த்தாமல். “அன்னிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

அவள் போனை எடுத்து, கரைக்கே கேட்கும்படி சொன்னாள். “அக்கா, கட்டிலை மடிச்சு வை. நான் வரல. சொன்ன சொல்லை மீறிட்டேன்னு ஊரே சிரிக்கட்டும்.”

ஊர் சிரிக்கத்தான் செய்தது. அவள் கத்தியை அவன் கையில் கொடுத்தாள்.

“புதுசா வெட்டு. நாலையும் நீயே அள. நான் நிக்கிறேன்.”