ரோசம்மாவின் முறை

காலை ஆறு ஐந்து. முதலில் கண்ணில் பட்டது நிரம்பி வழியும் குடம். 1997 ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை. மர்பி டவுனில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். என் மனைவி ரோசம்மா ஒரு சொம்புத் தண்ணீரை வீணாக விடமாட்டாள். அன்று குழாயருகே நின்று, வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழாயை மூடேன்" என்றேன்.

திரும்பினாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. "த... த..." என்றாள். அதற்குமேல் எதுவும் வரவில்லை.

பக்கவாதம். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி; எங்கள் மகளும் நானும் மாறி மாறி உடனிருந்தோம். வலது காலில் மெல்ல உயிர் வந்தது. பேச்சு வரவில்லை. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் புரூஃப் ரீடர். எங்கள் வீட்டில் விசுவாசம் அவளுடையது. சனிக்கிழமை மாலை எங்கள் கூடத்தில் ஜெபக்கூட்டம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது சத்தமாக ஜெபிப்பது வழக்கம். நான் கதவோரம் இருந்து "ஸ்தோத்திரம்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வேன். எனக்கும் சேர்த்து அவள் ஜெபித்துவிடுவாள்.

இப்போது யார் ஜெபிப்பது? ஆபீஸ் போகிற பஸ்ஸில் நானே தொடங்கினேன். அழகாகக் கேட்கத் தெரியவில்லை. "ஆண்டவரே, அவள் ஒரு தடவையாவது என்னைத் திட்டவேண்டும்" என்று கேட்டேன். தினமும் அதையே கேட்டேன். பதில் இல்லை. நீர் இருக்கிறீரா என்றும் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

ஆகஸ்டில் கூட்டம் மறுபடி தொடங்கியது. கூட்டத்தை நடத்தும் பிலிப் அண்ணன், ரோசம்மாவின் முறை வந்ததும் அவளைத் தாண்டி அடுத்தவரிடம் போனார். அவளைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்ற அன்புதான். கூட்டம் முடிந்ததும் ஒருவர் தமாஷாக, "என்னக்கா, நீ வாய் தொறக்கலேன்னா எல்லாரும் எட்டு மணிக்கே சோத்துக்குப் போயிடறாங்க பாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ரோசம்மா மட்டும் பாதி வாயால் சிரித்தாள்.

ஒன்றைக் கவனித்தேன். அவள் முறை நெருங்கும்போது இடது கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடிக்கும். தாண்டிப் போனதும் பிடி தளரும். மூன்று சனிக்கிழமை பார்த்தேன். நான்காவதிலும் பார்த்தேன். பார்த்தேனே தவிர யாரிடமும் சொல்லவில்லை. அது என் தவறு.

அக்டோபரில் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சுசீலம்மா கூட்டத்துக்கு வந்தார். கன்னடக்காரர். ரோசம்மாவுக்கு அடுத்து உட்கார்ந்தார். பிலிப் அண்ணன் தம் ஜெபத்தை முடித்து, வழக்கம்போல ரோசம்மாவைத் தாண்டி, "நீங்க ஜெபிங்கம்மா" என்று சுசீலம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா இருக்காங்கல்லா? அவங்கள யாக்கே, ஏன் விட்டுட்டீங்க?"

"அவங்களால பேச முடியாதும்மா."

"பேசாட்டி என்ன? தேவருக்குக் கேக்காதா? அக்கா முடிக்கட்டும். நான் இருக்கேன், பரவால்ல."

கண்ணை மூடிக்கொண்டார். நாங்களும் மூடினோம். வேறென்ன செய்வது? பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ இருமினார்கள். நான் கண் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபது. ரோசம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

மறுபடி கண்ணை மூடினேன். யாரோ என் அருகில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது என்று எழுதமாட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குள் ஒரு தனிமை இருந்தது. அந்த நேரத்தில் அதைத் தேடினேன். இல்லை. ஆண்டவர் அந்தக் கூடத்தில் இருந்தார். எங்களைப்போலவே அவளுக்காகக் காத்திருந்தார். இதை நான் நம்புகிறேன்.

ஏழு இருபத்தாறுக்கு, கரகரத்த குரலில், முழுதாக, "ஆமென்" என்றாள்.

பிலிப் அண்ணன் குனிந்து அழுதார். நடந்தது இன்னதென்று அறியாத சுசீலம்மா, தம் முறை வந்ததென்று கன்னடத்தில் ஜெபிக்கத் தொடங்கினார்.

டாக்டரிடம் சொன்னேன். வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய சொல் இப்படி முதலில் திரும்புவது உண்டு என்றார். இருக்கலாம். அதற்கு முந்தைய சனிக்கிழமைகளில் ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது. தெரியாததைக் கையில் வைத்துக்கொண்டே நன்றி சொல்லக் கற்றுக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு காலை, காபியில் இரண்டு தரம் சர்க்கரை போட்டுவிட்டேன். ஒரு வாய் குடித்தாள். "சீ, போங்க!" என்றாள். சமையலறையிலேயே முழங்காலில் நின்றேன்.

இப்போது கூட்டத்தில் நான் கதவோரம் உட்காருவதில்லை. என் முறையில் நானே ஜெபிக்கிறேன். வாசிக்கிறவர்களே, உங்கள் ஜெபத்துக்கு இன்னும் சத்தமே வரவில்லையா? அப்படியே அவர்முன் உட்காருங்கள். உங்களைத் தாண்டிப் போகிறவர் அல்ல அவர். உங்கள் வீட்டிலும் பேச முடியாத ஒருவர் இருந்தால், அவருடைய முறையை அவருக்கே விடுங்கள்.

நான்கு வருடம் ஆகிறது. ரோசம்மா சொல்லும் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். சென்ற வாரம்வரை அறுபத்திரண்டு. எங்கள் மகளின் பெயர் இன்னும் வரவில்லை.