வராத வண்டிக்குப் பச்சைக் கொடி

பழைய ரயில் நிலையத்தை வணிக வளாகம் ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் கொடுத்த அறையில் இப்போது செருப்பு விற்கிறார்கள். அந்த நிலையத்தில் முப்பது வருஷம் வண்டிகளுக்குக் கொடி காட்டும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த எங்கள் அண்ணனுக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். பழைய சீருடை மாட்டிக்கொண்டு வாசலில் கொடியோடு நிற்க வேண்டும். வருகிறவர்கள் அவரோடு படம் எடுத்துக்கொள்வார்களாம்.

முதல் நாளே தகராறு. பாதை காலியா என்று கண்ணால் பார்க்காமல் அவர் ஒருநாளும் பச்சை காட்டியவரில்லை. அதனால் எல்லோருக்கும் சிவப்பையே பிடித்தார்.

"பெரியவரே, படத்துல சிவப்பு நல்லாவா இருக்கு? பச்சையைத் தூக்குங்க," என்றான் மேனேஜர்.

"தண்டவாளத்து மேலயே ஐஸ்கிரீம் கடை போட்டிருக்கீங்க. பச்சை காட்டினா வண்டி நேரா அதுலதான்யா ஏறும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. செருப்புக் கடையில் வேலை பார்த்த அண்ணனுடைய மகளைக் கூப்பிட்டான்.

"அப்பாவுக்குச் சொல்லும்மா. இல்லன்னா ரெண்டு பேருமே நாளைக்கு வர வேண்டாம்."

"அப்பா, வெறும் துணிதானேப்பா! உன் வீம்புக்கு என் வேலையையும் காவு குடுக்காதே."

ரயில்வே வேலைநிறுத்தத்தில் போலீஸ் மண்டையை உடைத்தும் சங்கக் கொடியைக் கீழே விடாத மனிதர் அவர். இப்போது பச்சையைத் தூக்கினார். சாயங்காலம் வரை தூக்கிக்கொண்டே நின்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நிலையத்தை விற்றபோது எதிர்த்து ஒரு துண்டறிக்கை அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன சங்கத்துக்காரன் நான்.